தையற்காரம்மாவின் ஏழு மருந்துகள்

…இந்த ஏழு மருந்தையும் தள்ளிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது, எதைக் கொடுத்து இவரைத் தூங்க வைப்பது, பென்சிலின், வலி ஊசி, பல் மரத்துப்போகப் போடும் ஊசி, போன முறை கொடுத்த மயக்க மருந்து… தனக்கு ஒத்துக்கொள்ளாதவை என்று தையற்காரம்மா அளவு நோட்டுத் தாளில் தேதி போட்டு வரிசையாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறார், சர்ஜன் எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் பயம்ங்க, நீங்க தூங்க வைங்க, பித்தப்பையை நான் பாத்துக்கறேன்" என்று போய்விட்டார், அவருக்கென்ன, மூச்சு நின்றால் பதில் சொல்ல வேண்டியவள் மயக்க டாக்டர் நான். பயந்தால் உடம்பெல்லாம் தடிக்குமா? பதினெட்டு வருடத்தில் இதைவிட நீளமான பட்டியல்களும் பார்த்தாயிற்று, பாதி உண்மையாக இருக்காது, எந்தப் பாதி என்பதுதான் தெரியாது. ஒவ்வொன்றாகக் கேட்டேன், எங்கே, எப்போது, எத்தனை நிமிடத்தில். "வலி மருந்தை ஊசியா போட்டாதான் டாக்டர் தடிப்பு, மயக்கம் எல்லாம். அதையே மாத்திரையா போட்டா ஒண்ணும் பண்ணாது." எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. மருந்து அதேதான், விழுங்கினால் சும்மா இருக்கிறது… அப்படியென்றால் ஊசியோடு வேறு எது உள்ளே போகிறது? நர்ஸ் அதற்குள் அவர் கையைத் திருப்பி வைத்துப் பஞ்சை நனைத்துவிட்டார், ஏழு ஊசிக்கு முன்னாலும் யாரோ ஒரு நர்ஸ் இப்படித்தான்… "சிஸ்டர், துடைக்காதீங்க!" கத்திவிட்டேன் போலிருக்கிறது, இருவரும் என்னையே பார்த்தார்கள்.

வாய் கொப்பளிக்கிற மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று கேட்டேன். "பல் டாக்டர் ஒண்ணு குடுத்தாரு, உதடு பன் மாதிரி வீங்கிடுச்சு." "இதுல எழுதலையேம்மா?" "கொப்பளிச்சுத் துப்புறதுதானே, அது மருந்தா என்ன?" நர்ஸ் பஞ்சை நனைத்த பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன், குளோர்ஹெக்சிடின், கிருமி கொல்ல, தோலுக்கும் அதுதான், வாய்க்கும் அதுதான். நிச்சயமா? இல்லை, ஊகம், தோலில் சோதித்தால்தான் தெரியும், பித்தப்பைக் கற்கள் இரண்டு வாரம் காத்திருக்கும். தள்ளிப்போடலாம் என்று சர்ஜனிடம் சொன்னேன், "ஒரு பஞ்சுக்காகவா தள்ளிப்போடறீங்க?" என்றார், ஆமாம் என்றேன். தையற்காரம்மாவின் கவலை வேறு. "இன்னொரு நாள் பட்டினியா? சரி, அப்ப அந்த ஏழும் எனக்கு ஒத்துக்குமா?" "சோதிக்காம சொல்ல முடியாதும்மா." தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார், கிழித்துப் போடவில்லை.

அடுத்த நோயாளிக்காகக் கை கழுவும்போதுதான், போன மாதம் வந்த அந்த லாரி ஓட்டுநர்… ஊசி போட்ட கையோடு ரத்த அழுத்தம் சரிந்து, அரை மணி நேரம் போராடித் தூக்கி நிறுத்தினோம், யோசிக்கவே இல்லை, கடைசியாகப் போன ஆன்டிபயாட்டிக்கின் பெயரை, இது ஒத்துக்கொள்ளாது என்று சிவப்பு மையில் எழுதி, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதைக் காட்டுங்க என்று கொடுத்தேன், சொன்னதைக் கேட்கிற மனிதர், காட்டுவார், என் கையெழுத்தை அவர்களும் நம்புவார்கள்… அன்று அவர் கையை எதைக்கொண்டு துடைத்தோம்?