மாஸ்டர் சிங்காரத்துக்கு ஒரு மாலை

என் அப்பா எனக்கு ராத்திரிச் சோறு போடமாட்டார். வீட்டில் அரிசிக்குப் பஞ்சமில்லை. நான் வளர்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஏழு வயதில் சினிமாவில் நாலு பக்க வசனத்தை ஒரே மூச்சில் பேசி ஊரையே அழவைத்தவன் நான். குஞ்சிதபாதம் என்ற என் பெயர் போஸ்டருக்கு எடுபடாது என்று கம்பெனிக்காரர்கள் மாஸ்டர் சிங்காரம் ஆக்கினார்கள். பதினாலு படம். பன்னிரண்டு வயதில் தொண்டை உடைந்தது, வாசலுக்குக் கார் வருவது நின்றது. அப்பா என்னை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தள்ளினார். பட்டினி போட்ட உடம்பு எட்டு வயதுப் பையன் மாதிரி இருந்ததால், நாலு வயதைக் குறைத்து எழுதிவிட்டார். அவர் எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

எழுபத்தொன்பதில் நெய்வேலியில் எனக்கு வேலை, கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை மண்வெட்டியால் அள்ளிப் போடுவது. ஆறு வருஷமாக கான்ட்ராக்ட். பர்மனென்ட் ஆக்க இன்டர்வியூ வந்தது. முப்பது வயதைத் தாண்டியவனை எடுக்கமாட்டார்கள். சர்ட்டிபிகேட்படி எனக்கு இருபத்தொன்பது, நிஜத்தில் முப்பத்து மூன்று. இதை விட்டால் ஆயுசுக்கும் மண்வெட்டிதான்.

இன்டர்வியூ மேசையில் நடுவில் உட்கார்ந்திருந்த சங்கரலிங்கம் சார் சினிமாப் பைத்தியம் என்று கேள்விப்பட்டிருந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் சட்டைப்பையால் கெட்டேன். அதில் எப்போதும் வைத்திருக்கும் என் பழைய போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"அடடே, மாஸ்டர் சிங்காரம்!" சார் எழுந்தே விட்டார். "அம்பத்து மூணுல, நான் காலேஜ் சேர்ந்த வருஷம். ஏழு தடவை பார்த்தேன்யா!"

நான்தான் சார் என்று வாயெடுப்பதற்குள், பக்கத்திலிருந்த அதிகாரி சர்ட்டிபிகேட்டைத் தூக்கிப் பிடித்தார். "நீ பொறந்தது அம்பதுன்னு போட்டிருக்கு. மூணு வயசுலயா வசனம் பேசினே?"

நான்தான் என்றால் அப்பா குறைத்த நாலு வயது வெளியே வந்துவிடும்.

"அது எங்க அண்ணங்க சார்," என்றேன். "சின்ன வயசுலயே செத்துப் பூட்டாருங்க."

கண்ணில் தண்ணீர் வேறு வந்தது. அது நடிப்பா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. சங்கரலிங்கம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அடுத்த மாதம் ஆர்டர் வந்தது, பின்னாலேயே குவார்ட்டர்ஸும் வந்தது.

அதோடு விட்டாரா மனுஷன்? கிளப்பில் அந்தப் படத்தைப் போட ஏற்பாடு செய்தார். என் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டார். அண்ணனுக்குத் தம்பிதான் மாலை போட வேண்டும் என்று ஆள் அனுப்பினார்.

"உசுரோட இருக்கறவன் படத்துக்கு மாலை போடுவாங்களா?" என்று அழுதாள் என் மனைவி ஆதிலட்சுமி. "கழுத்துல தாலிய வச்சிகினு அத நான் எப்படிப் பாக்கறது?"

"போவலன்னா சந்தேகம் வரும்டி."

அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் மட்டும் போனேன். படத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஊதுபத்தி ஏற்றியிருந்தார்கள். மாலை போட்டேன். எல்லோரும் எழுந்து ஒரு நிமிஷம் தலைகுனிந்து நின்றார்கள். எனக்காக நானும் நின்றேன்.

பிறகு படம் ஓடியது. பையன் தாயின் பிணத்தருகே நின்று பேசினான். என் உதடு தானாக அசைந்தது, பல்லைக் கடித்து நிறுத்தினேன். முன்வரிசைப் பெண்கள் விசும்பினார்கள். அன்றைக்கு அவன் அழுதது பசியில் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

படம் முடிந்ததும் மைக்கைக் கையில் கொடுத்து, அண்ணனைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"நல்லவருங்க," என்றேன். அதற்குமேல் வரவில்லை.

சங்கரலிங்கம் சார் தோளில் தட்டினார். "பரவாயில்ல, விடுங்க. அண்ணனுக்கு இருந்த திறமைல கால்வாசி உங்களுக்கு வந்திருந்தாக்கூட எங்கயோ போயிருப்பீங்க."

"ஆமாங்க சார்," என்றேன்.