சுழிக்குத் தனி வீடு

பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பிரிண்டர் சொன்னதைத்தான் செய்யும். அதனிடம் என்ன சொன்னோம் என்பதுதான் நமக்குத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை காலை செயின்ட்-மிஷேலில் சுதாஜினியின் ஃபிளாட்டுக்குப் போனபோதும் இதே கர்வத்தோடுதான் மாடி ஏறினேன். என் பையில் ஒரு ஃபிளாப்பி. அதில், புரோசார்ட்டில் என் வீட்டில் உட்கார்ந்து நானே புள்ளி புள்ளியாக வரைந்த தமிழ் எழுத்துகள். பிரிண்டருக்குள் ஏற்றிவிட்டால் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வந்து உட்கார்ந்துகொள்ளும். 1993இல், இந்தக் குளிர் நாட்டில், எங்கள் வட்டாரத்தில் தமிழில் கல்யாணப் பத்திரிகை வேண்டுமென்றால் சென்னைக்காரி அனுசூயாவை, அதாவது என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கல்யாணம் சுதாஜினிக்கு. மாப்பிள்ளை ஹென்றி. இருவருக்கும் சொந்த ஊர் மட்டக்களப்பு. ஆனால் அவள் சைவம், அவன் கத்தோலிக்கன். ஊரில் இருந்த அவள் அம்மா கனகமணி, மகள் மதம் மாறப்போகிறாள் என்றே முடிவு கட்டிவிட்டார். ஹென்றி பேச வந்தால் போனை வைத்துவிடுவார். கடைசியில் ஒரே ஒரு வழி விட்டிருந்தார்: "பிள்ளையார் சுழி போட்டு, சிவமயம் எண்டு அடிச்ச கலியாணக் காட் வந்தா நம்புவன். இல்லாட்டி எனக்கு மகள் இல்லை."

ஊரில் சண்டை; தபாலை நம்ப முடியாத காலம். அன்று ஊருக்குப் புறப்படும் வின்சன்ட் என்ற நண்பர், மிராபெல் விமான நிலையத்துக்குப் போகிற வழியில் வந்து பத்திரிகையை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

எழுத்துகளை ஏற்றி அடித்தேன். உச்சியில் சுழியும் இல்லை, 'சிவமயம்' என்பதில் 'சி'யும் இல்லை. மிச்ச எழுத்துகள் பேச்சுவார்த்தை அறுந்த பங்காளிகள் போலத் தள்ளித் தள்ளி நின்றன. மாப்பிள்ளை பெயர் பாதியிலேயே உடைந்து அடுத்த வரியில் விழுந்தது.

கேபிளைக் கழற்றி மாட்டினேன். அணைத்துப் போட்டு எழுத்துகளை மறுபடி ஏற்றினேன். அதே கூத்துதான்.

"வேற ஒண்டு அடிச்சுப் பாப்பம் அக்கா," என்று ஹென்றி தன் சகோதரி அக்னெஸின் ஜெபக்கூட்ட அழைப்பைப் போட்டான். அதுவும் என் எழுத்துதான். முத்து முத்தாக வந்தது.

சுதாஜினி நாற்காலியில் சரிந்துவிட்டாள். "அம்மா சொன்னது சரிதான் அக்கா. பிள்ளையாருக்கே விருப்பமில்லை."

"சும்மா இரும்மா. பிள்ளையாருக்கு வேற வேலை இல்லையா?"

ஹென்றி தயங்கித் தயங்கிச் சொன்னான். "முதல் வரிய எடுத்திட்டு அடிப்பம். பேந்து பேனையால வடிவா எழுதலாம்."

"ஏலாது," என்றாள் சுதாஜினி. "வேதக்காரர் அடிச்ச காட்டில தனக்காகப் பேனையால கீறினது எண்டு அம்மா பாத்த உடனயே சொல்லிடுவா." சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

வேதக்காரர் என்றால் அவர்கள் பேச்சில் கிறிஸ்தவர். அவள் சொன்னது நியாயம். எனக்கும் பேனா என்றதும் சுருக்கென்றது. "என் எழுத்துக்கு மேல பேனாவா? நான் இருக்கிற வரைக்கும் நடக்காது," என்றேன்.

இந்த மாதிரிப் பிரிண்டர்களில் ஒரு வசதி உண்டு. தாளை நகர்த்தும் பொத்தானை அமுக்கிக்கொண்டே ஸ்விட்சைப் போட்டால், வந்து சேர்ந்த எண்களை எழுத்தாக்காமல் அப்படியே அச்சடித்துக் காட்டும். அப்படிச் செய்து பத்திரிகையை அனுப்பினேன். முதல் எண்ணைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். நூற்று ஐம்பத்தைந்து, என் சுழியின் எண்.

மற்ற எழுத்துகளையெல்லாம் நெருக்கியடித்து வைத்த நான், பிள்ளையார் சுழியைக் கூட்டத்தோடு வைக்க மனம் வராமல், மரியாதைக்காகத் தள்ளி ஒரு தனி எண்ணில் குடிவைத்திருந்தேன். ஆபீஸில் இருக்கும் புதுப் பிரிண்டரில் அது ஒழுங்காகவே வந்தது. ஹென்றி பழைய சாமான் கடையில் வாங்கிய இந்தக் கிழவனுக்கோ அந்தத் தெருவில் எழுத்துகளே கிடையாது; அங்கிருந்து எது வந்தாலும் கட்டளை. நூற்று ஐம்பத்தைந்து என்றால், 'அடுத்து வருவது எழுத்தல்ல, உத்தரவு' என்று அர்த்தம். சுழிக்கு அடுத்து நான் விட்டிருந்தது ஒரு வெற்றிடம். 'எழுத்துகளைத் தள்ளி நிறுத்து' என்பதற்கான உத்தரவும் அதுவேதான். எவ்வளவு தள்ளி என்பதை அதற்கடுத்த எண் சொல்ல வேண்டும். அங்கே நின்றது 'சி'. அதை அளவாக எடுத்து விழுங்கிவிட்டுக் கிழவன் தன் வேலையைச் செய்திருக்கிறான். ஜெபக்கூட்டத்தில் சுழியும் இல்லை, சிக்கலும் இல்லை.

"பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிஞ்ச கதைதான்," என்றேன். "தனி வீடெல்லாம் வேண்டாம் சாமி, எல்லாரோடும் வந்து இரும்."

தமிழ்க் கல்யாணத்தில் யாருக்கும் தேவைப்படாத ஓர் ஆங்கிலக் குறியைக் கிளப்பிவிட்டு, மற்ற எழுத்துகளுக்கு நடுவே சுழியை வைத்தேன். எழுத்துகளை மறுபடி ஏற்றினேன். கீழே தெருவில் வின்சன்டின் கார் ஹார்ன் அடித்தது.

"ஹென்றி, நீங்களே அமுக்குங்க."

அவன் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினான். கிர்ர் கிர்ர் என்று பிரிண்டரின் அச்சுத் தலை ஓடியது. முதலில் சுழி வந்தது. பின்னால் சிவமயம், சிதறாமல், சேர்ந்து. சுதாஜினி தாளைக் கிழித்தெடுத்துக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் கீழே ஓடினாள்.

மிச்சப் பத்திரிகைகளை அடிக்க நான் மறுபடி போயிருந்த நாளில் போன் வந்தது. ஊரில் தொலைபேசிக் கடையிலிருந்து கனகமணி. தூரத்து அழைப்பென்று அவர் கத்திப் பேசியது அறை முழுக்கக் கேட்டது.

"காட் கிடைச்சிட்டு மகள். தடவிப் பாத்தன். பேனையால கீறினதில்லைத்தானே?"

"இல்லம்மா. அச்சுத்தான்."

"ஆர் அடிச்சது?"

சுதாஜினி என்னைப் பார்த்தாள். நான் ஹென்றியைக் காட்டினேன்.

"ஹென்றிதான் அடிச்சவர் அம்மா. சுழி போட்டு."

முதல் வரியை அவர் அங்கே வாய்விட்டுப் படிப்பது கேட்டது.

"தம்பியிட்டக் குடு மகள்."

ஹென்றி கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு ரிசீவரை வாங்கினான்.

"ஓம் மாமி," என்றான். "நான்தான், ஹென்றி."