ஒரு மிதிக்கு ஒன்றரை மீட்டர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை பிறந்தது வயிற்றெரிச்சலில். என் சொந்த வயிற்றெரிச்சல். நேராக எழுத வெட்கமாக இருந்ததால் செம்பாக்கத்தில் ஒரு ஆளைப் பிடித்து அவர் தலையில் கட்டிவிட்டேன். பெயர் ஆஸ்டின். வயசு நாற்பத்திரண்டு. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். (கணக்கு வேண்டுமென்றே வைத்தது. தமிழ் வாத்தியாராக இருந்தால் புலம்பியே கதையைத் தீர்த்திருப்பார்.)

2

முதல் வரிக்கு மூன்று முயற்சி.

"பனி போர்த்திய அதிகாலையில் இரண்டு சைக்கிள்கள்..." தாம்பரத்தில் ஏதய்யா பனி? அடித்தாயிற்று.

"ஆஸ்டினும் ஷ்யாம்சுந்தரும் உயிர் நண்பர்கள்." அடுத்த பக்கத்தில் ஒருத்தன் துரோகம் பண்ணப்போகிறான் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

"ஷ்யாமைவிட ஆஸ்டினுக்கு ஒரு மிதிக்கு ஒன்றரை மீட்டர் குறைச்சல்." இது இருக்கட்டும்.

சனிக்கிழமை காலையானால் இருவரும் முடிச்சூர் வழியாக வெளிவட்டச் சாலையைப் பிடித்துக் குன்றத்தூர் வரை போவார்கள். (ஞாயிறு ஆஸ்டினுக்குச் சர்ச்.) ஷ்யாம் வங்கி அதிகாரி. அவருடையது தார்ரோட்டுக்கென்றே செய்த சைக்கிள். ஆஸ்டினுடையது சைக்ளோகிராஸ், சேற்றிலும் புல்லிலும் பந்தயம் விடுகிற ஜாதி. கனடா போன பக்கத்து வீட்டுக்காரர் தந்துவிட்டுப் போனது. டயரை மட்டும் வழவழப்பாக மாற்றி ரோட்டில் ஓட்டுகிறார்.

அதில் பெடல் பக்கம் நாற்பத்தாறு பல், பின்சக்கரத்தில் ஆகச் சின்னது பன்னிரண்டு. ஒரு மிதிக்கு, அதாவது பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால், வண்டி எட்டு மீட்டர் போகும். ஷ்யாமுக்கு ஐம்பது, பதினொன்று. ஒன்பதரை மீட்டர். இந்தக் கணக்கை ஆஸ்டின் ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில், "ராமு, சோமு" என்று பெயர் மாற்றிப் போட்டுக்கூடப் பார்த்துவிட்டார். சோமு ஜெயிக்க வழியே இல்லை.

ஏழு மாசமாக ஷ்யாம்தான் முதலில். வீட்டுக்கு வந்ததும் மனைவி ஜோசலின் தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்பாள், "இன்னைக்கும் ஷ்யாம் அண்ணாதான் ஃபர்ஸ்ட்டா?" அவள் சாதாரணமாகத்தான் கேட்கிறாள். இவருக்குத்தான் தோசை இறங்காது.

3

"முன்னாடி அம்பது போட்டுடு, சிட்டிபாபு."

தாம்பரத்தில் சைக்கிள் மெக்கானிக் சிட்டிபாபு வண்டியைத் தலைகீழாக நிறுத்தினார். "இன்னா சார் நீ? இது சேத்துல ஓட்ற வண்டி. தடி டயருக்கு எடம் வுட்டு பிரேமை அகலமா வச்சிகீறான். அம்பது போட்டா இங்க ஒரசும். பேஜாராப் பூடும்."

"வேற வழி?"

"பின்னாடி பன்னண்டை எட்த்துட்டு பதினொண்ணு போடலாம்."

போட்டார். எட்டே முக்கால் மீட்டர். அந்தச் சனிக்கிழமையும் ஷ்யாம்தான் முதலில். மீதி முக்கால் மீட்டர்தான் காரணம் என்று ஆஸ்டின் முடிவு கட்டினார். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

4

இனி எழுதக் கூச்சமான இடம்.

குன்றத்தூர் போனதும் ஷ்யாம் மலையேறி முருகனைப் பார்த்துவிட்டு வருவார். ஆஸ்டின் கீழே டீக்கடையில் இரண்டு வண்டிக்கும் காவல். "வண்டியப் பாத்துக்கோ மச்சான்" என்பார் ஷ்யாம். இறங்கும்போது ஜோசலினுக்குக் கடலைப் பொட்டலம் வாங்கி வருவார். "பிரசாதம்னா உங்க வீட்ல சங்கடப்படுவாங்க. கடலைக்கு எந்தச் சாமியும் கோவிச்சுக்காது."

அன்றைக்கு ஷ்யாம் படியேறியதும் ஆஸ்டின் பையிலிருந்து குட்டி ஸ்க்ரூட்ரைவரை எடுத்தார். கியர் மாற்றும் பகுதியில் இரண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கும், செயின் எந்தப் பல்வரை போகலாம் என்று எல்லை கட்டுபவை. ஒன்றை* ஒரு சுற்று உள்ளே திருகினார். இனி ஷ்யாமின் செயின் அந்தப் பதினொன்றில் விழாது.

(*முதல் பிரதியில் இன்னொன்றைத் திருக வைத்திருந்தேன். அதைத் தளர்த்தினால் செயின் சக்கரக் கம்பிக்குள் போய் ஆளே விழுந்து, லாரி வந்துகொண்டிருக்கும்போது... வேண்டாம். ஆஸ்டின் அவ்வளவு கெட்டவர் இல்லை. அது எனக்குத் தோன்றியது என்பது வேறு விஷயம்.)

திரும்பும்போது ஷ்யாம்தான் முதலில். அடுத்த சனிக்கிழமையும்.

5

அதற்கடுத்த சனிக்கிழமை, டீக்கடையில் ஷ்யாம் சொன்னார், "மச்சான், என் வண்டில கடைசி கியர் விழவே மாட்டேங்குதுடா. ரெண்டு வாரமா."

ஆஸ்டின் டீயை ஊதிக்கொண்டே கேட்டார், "சிட்டிபாபுகிட்ட காட்ட வேண்டியதுதானே?"

"எதுக்கு? அதை யார் போட்டா? முட்டி போயிடும். நான் பதினஞ்சு பல்லுக்குக் கீழ போனதே இல்ல. லேசா வச்சு வேகமா சுத்துவேன், அவ்ளோதான்." டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "வண்டியப் பாத்துக்கோ, வந்துடறேன்."

ஐம்பதைப் பதினைந்தால் வகுத்து, சக்கரச் சுற்றளவால் பெருக்க ஆஸ்டினுக்குக் காகிதம் வேண்டாம். ஏழு மீட்டர். அவருடைய சேற்று வண்டி முதல் நாளே எட்டு மீட்டர் போனது.

இத்தனை நாள் பல்லைக் குறை சொன்னாயிற்று. இனி எதைச் சொல்வது?

6

ஸ்க்ரூட்ரைவர் பையில் இருக்கிறது. ஷ்யாம் இறங்கப் பதினைந்து நிமிஷம் ஆகும். இரண்டு முடிவு எழுதிவைத்திருக்கிறேன்.

ஒன்று: ஆஸ்டின் ஸ்க்ரூவைப் பழையபடி திருப்பிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் கடலையை வாங்கிக்கொள்கிறார்.

இரண்டு: சொல்லிவிடுகிறார். ஷ்யாம், "அடப்பாவி, கேட்டிருந்தா வண்டியையே மாத்திக்கிட்டிருப்பேனே" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஆஸ்டினுக்கு மறுபடி வயிறு எரிகிறது, இதுவும் இவனுக்குத்தான் வருமா என்று.

எது சரியென்று எனக்கு எப்படித் தெரியும்? பதினோரு வருஷத்துக்கு முன் என் நண்பன் ஃபிரெடி ஒரு கதையைக் கொடுத்து, பத்திரிகை ஆசிரியரிடம் சேர்க்கச் சொன்னான். படித்தேன். என்னால் ஜென்மத்துக்கும் எழுத முடியாத கதை. மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, "குடுத்துட்டேன், பதில் வரல" என்றேன். அவன் வருத்தப்படக்கூட இல்லை. அதைவிட நல்லதாக இன்னொன்று எழுதிவிட்டான்.

நேற்று போன் பண்ணினான். "என்னடா எழுதற?"

"ஒரு சைக்கிள் கதை. முடிவுதான் வரல."

"முடிஞ்சதும் எங்கிட்ட குடு. நல்ல இடமாப் பாத்து நானே சேத்துடறேன்" என்றான்.

நீங்களே சொல்லுங்கள், கொடுக்கட்டுமா?