பழகாத தொட்டி

விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் முதலில் குளிப்பாட்டப்படுவது தொழிற்சாலைதான். தரையைக் கழுவினார்கள், குழாய்களுக்குச் சாயம் அடித்தார்கள், தூசி தட்டுகிறவர்களின் மேலேயே தூசி தட்டினார்கள். கடைசியில் மேலாளர் பாஸ்பேட் தொட்டிக்கு வந்து எட்டிப் பார்த்தார். பளபளக்காத எதையும் பொறுக்காதவர் என்பதால் அவருக்குப் பளிங்கு என்று பெயர். அந்தப் பெயர் தெரியாத ஒரே ஆள் அவர்தான்.

"என்ன இது, சாக்கடை மாதிரி?"

கதவுக் கீல்களை அந்தத் தொட்டியின் சூடான அமிலக் கரைசலில் முக்கி எடுத்தால் மேலே சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படியும். அந்தத் தோல் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், துரு அண்டாது.

"அப்படித்தான் சார் இருக்கணும்" என்றாள் சோதனைக்கூடத்துக்காரி. "இரும்பு முங்கி முங்கி ஊறியிருக்கு. அந்த ஊறல்தான் வேலை செய்யுது."

"வர்றவங்க எட்டிப் பார்ப்பாங்கம்மா. கொட்டிட்டுப் புதுசா கலக்குங்க."

"புதுசுன்னா பழக்கணும் சார். இரும்பு நாரு, கழிச்ச கீலு எல்லாம் போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டினாத்தான் படியும்."

"புதுத் தண்ணியில பழைய குப்பையா? விருந்தாளி வர்ற அன்னிக்கு முகத்துல கரி பூசிக்கிட்டு நிப்பீங்களா?"

பளிங்கும் வேதியியல் படித்தவர்தான். தெரிந்ததை மறப்பதற்காகத்தான் மேலாளர்களுக்குத் தனி அறை கொடுக்கிறார்கள்.

தொட்டியில் கீல்களை இறக்கி ஏற்றுவது அவளுடைய தம்பி. அதற்கு முன் எந்த வேலையிலும் நிலைக்காதவன். அவள்தான் கையைக் காலைப் பிடித்து உள்ளே சேர்த்திருந்தாள். இந்த விருந்தாளிகள் முகம் சுளிக்காமல் போனால் அவனை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு.

"என்னக்கா, பச்சைத் தண்ணியா இருக்கு?"

"சொன்னேன். காதுல ஏறலை."

"சரி விடு. நான் கொஞ்சம் கூடுதல் நேரம் முக்கி வெக்கிறேன்."

கீல் வாங்கும் கம்பெனியின் விருந்தாளிகள் புதுத் தலைக்கவசங்களோடு வந்தார்கள். அடி தெரிகிற தொட்டியை, தன் மனசையே திறந்து காட்டுவதுபோலப் பளிங்கு காட்டினார். சோதனைக்கூடத்துக்காரி கரைசலை மொண்டு, நிறம் காட்டும் மருந்தை விட்டு, இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும்வரை காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "அளவு எல்லாம் சரியா இருக்கு."

பொய் இல்லை. அமிலம் எவ்வளவு என்று அந்த நிறம் சொல்லும். தண்ணீர் இரும்போடு பழகிவிட்டதா என்று சொல்லாது.

தம்பி கீல்களை ஏற்றினான். பாதி சாம்பல், பாதி பளபளப்பு. காய்வதற்குள் பளபளத்த இடமெல்லாம் மஞ்சளாகத் துரு பூத்தது. ஒரு விருந்தாளி வெள்ளைக் கையுறையால் துடைத்து, விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றிப் பளிங்கின் கையிலேயே கொடுத்தார்.

குளிரூட்டிய அறையில் விசாரணை நடந்தது.

"மருந்து புதுசு. சூடு சரி. அளவு சரின்னு அம்மாவே சொன்னாங்க. அப்ப மிச்சம் என்ன? கைதான்" என்றார் பளிங்கு.

"பழகாத தொட்டி சார். நான் முன்னாடியே சொன்னேன்."

"அளவு தப்புங்கறீங்களா?"

"அளவு சரிதான். ஆனா..."

'ஆனா'வுக்கு அந்த அறையில் நாற்காலி போடவில்லை.

"தம்பிப் பாசம் இருக்கும், புரியுது" என்றார் பளிங்கு, பெருந்தன்மையாக. "அவன் கை சரின்னா, அளந்த கை தப்புன்னு எழுதிடலாம். உங்க இஷ்டம்."

வீட்டில் அடுப்பு எரிவது இப்போது அந்த இரண்டு கைகளால்தான். இரண்டில் ஒன்றை வெட்டச் சொல்கிறார். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து தம்பி வேலைக்குப் போகவில்லை.

நாள் போகப் போகத் தொட்டி தானாகக் கலங்கியது. கீல்கள் முங்கி முங்கி இரும்பு ஊறி, பழைய சாக்கடை நிறத்துக்கே வந்து சேர்ந்தது. கீல்கள் அசல் சாம்பல் நிறத்தில் ஏறின. விருந்தாளிகள் மறுபடி வந்து தலையாட்டிவிட்டுப் போனார்கள். இந்த முறை தொட்டியை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தம்பியின் இடத்துக்கு வந்த புது ஆளுக்குக் கைதட்டல் கிடைத்தது. மனிதத் தவறைக் களைந்ததற்காகப் பளிங்குக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதுவும் பளபளப்பாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இப்ப எப்படிக்கா வருது கீலு?"

பாத்திரச் சத்தம் நின்றது. சோதனைக்கூடத்துக்காரிக்கு, இன்னும் துருதான் பூக்குது என்று வாய்வரை ஒரு பொய் வந்தது. அளவு மாறாமல் சொல்லிப் பழகிய வாய்; வெளியே விடவில்லை.

"நல்லா வருது."

அவன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப நான்தான் அன்னிக்கு ஒழுங்கா முக்கலை போலக்கா."

"அப்படி இல்லடா. தொட்டி பழகிடுச்சு. இரும்பு ஊறினதும்..."

"நீயும் எனக்காக எத்தனை தடவைதான் இதையே சொல்லுவ." அவன் குரலில் கோபமே இல்லை, விடை தெரிந்துவிட்ட நிம்மதிதான் இருந்தது. "விடுக்கா. அளவு சரின்னு நீதானே சொன்ன."

அவன் மனைவி குழாயை மறுபடியும் திறந்துவிட்டாள்.