போர்வையின் இன்னொரு முனை

கடையில் அவளை எல்லாரும் ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுச் சாமான் விற்கிற கடை அது. கீழே டிவியும் மின்விசிறியும், மாடியில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும். மாடி ஏறி வருகிறவர்கள் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவள் மெஷினின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் டிரம்மைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தலையைச் சாய்த்துக் காது கொடுப்பாள். பிறகுதான் தீர்ப்பு. "இது உழைக்கும்." அல்லது, "இது வெறும் மினுக்கு." அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

"ஏம்மா, நான் விக்கணும்னு வாங்கி அடுக்கியிருக்கேன், நீ வாங்காதீங்கன்னு சொல்லி அனுப்பறியே, நியாயமா?" என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் அவளை மாடியிலிருந்து இறக்க மாட்டார். அந்தக் காதை நம்பித்தானே அத்தனை பேரும் படியேறி வந்தார்கள்.

அவள் பேச்சை எடுத்துக்கொள்ளாத ஒரே வீடு, கூடப் பிறந்தவள் வீடு.

சின்னவளுக்குத் தலை பின்னிவிட்டு, பல் விழுந்தால் அழுகையை நிறுத்தி, பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுபோய் விட்டு வளர்த்ததெல்லாம் இவள்தான். அந்த உரிமையில், சின்னவள் லாரி ஓட்டுகிறவரைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றபோது, "வேண்டாம்டி. பாதி நாள் ரோட்டுல கிடக்கிற மனுஷன். வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வருவான், போவான்" என்றாள். சின்னவள் அழுதாள், சாப்பிட மாட்டேன் என்றாள், கடைசியில் அவரையே கட்டிக்கொண்டாள். சரி, தலையெழுத்து என்று பெரியவள் மனதை ஆற்றிக்கொண்டாள். ஆற்றிக்கொண்டதாக நினைத்துக்கொண்டாள் என்பதுதான் சரி.

அப்புறம் வந்தது அந்த மெஷின்.

தங்கைக்கென்று கடையில் ஒரு யானை மார்க் மெஷினைச் சொல்லி வைத்திருந்தாள் பெரியவள். அதற்குள் அந்த மனிதர், எங்கோ சரக்கு இறக்கப் போன இடத்தில் கிளி மார்க் மெஷின் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டு, திரும்பி வரும் காலி லாரியிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இளம்பச்சை நிறம். மூடியின் மேல் ஒரு கிளி, வாயைத் திறந்துகொண்டு. ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்டு வந்தவர்போல அதற்குப் பக்கத்தில் நின்றார். சொந்தக்காரர்கள் வேறு வந்திருந்தார்கள்.

ஜட்ஜம்மா மூடியைத் திறந்தாள். டிரம்மைச் சுற்றினாள். காதைக் கொடுத்தாள்.

"கிளிதானே? ரெண்டு வருஷத்துல பறந்துடும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். "பறந்தா பிடிச்சுட்டு வந்துடலாம் அண்ணி, லாரி இருக்கு."

அதோடு விட்டிருக்கலாம். சிரிப்போடு சிரிப்பாகப் போயிருக்கும். ஆனால் சொன்னதைக் கேட்காத கோபம் இருக்கிறதே, அது வயிற்றுக்குள் பழசாகப் பழசாகக் காரமேறுகிற சமாச்சாரம். அவள் சொன்னாள்: "சின்னவளுக்கு எப்பவுமே பார்த்து எடுக்கத் தெரியாது. மெஷின்லயும் அப்படித்தான், மாப்பிள்ளையிலயும் அப்படித்தான்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் குனிந்து, மெஷினின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழியாமல் மெதுவாக உரித்துக்கொண்டிருந்தார். சின்னவள் அக்காவைப் பார்த்த பார்வையில் கண்ணீர் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு அக்கா தங்கை எங்கே பார்த்தாலும், எப்போது போனில் பேசினாலும், பெரியவளின் முதல் கேள்வி ஒன்றுதான்.

"என்னடி, கிளி இருக்கா, பறந்துடுச்சா?"

"இருக்குக்கா. ஜோரா ஓடுது."

ரெண்டு வருஷக் கெடு தாண்டியது. அப்புறமும் ஓடியது. சில சமயம் போனில் பேசும்போதே பின்னால் மெஷின் சுற்றுவது கேட்கும். கடகடவென்று இல்லை, ஒரே சீராக, பூனை உறுமுகிற மாதிரி. ஜட்ஜம்மா அந்தச் சத்தத்துக்கு மயங்கிப்போனாள். 'பேரிங் தேயவே இல்லையே. மோட்டார் என்ன சுத்தமா சுத்துது!' என்று மனசுக்குள் அதிசயப்பட்டாள்.

தீர்ப்புச் சொல்கிற வேலையில் அவள் நேர்மையானவள். கடையில் மாற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். "கிளி மார்க்கைக் குறைவா நினைக்காதீங்க. என் தங்கச்சி வீட்டுல இன்னும் கல்லு மாதிரி ஓடுது. நானே என் காதால கேட்டேன்." முன்பின் தெரியாத ஜனங்களிடமெல்லாம் சொன்னாள். சொல்ல வேண்டிய அந்த ஒரு மனிதரிடம் மட்டும் சொல்லவில்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் வாய் வரை வரும். இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கிவிடுவாள்.

ஒரு மத்தியானம் அவர் லாரியைச் சாலையோரம் ஒழுங்காக நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங் மேல் தலை சாய்த்தார். எழுந்திருக்கவில்லை.

செத்த வீட்டில் போய் வாஷிங் மெஷினைப் பற்றி என்ன பேச? பெரியவள் தங்கையின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். அதன்பின் சின்னவள் வருவது குறைந்தது. பிறகு நின்றே போனது. போனில் மட்டும் பேச்சு. என்ன பேசுவதென்று தெரியாமல் பெரியவள் பழைய கேள்வியையே கேட்பாள். "கிளி ஓடுதா?" "ஓடுதுக்கா." அவ்வளவுதான், போன் வைக்கப்படும்.

இப்படி இருக்கையில் பெரியவள் வீட்டிலிருந்த யானை மார்க் மெஷின் படுத்துவிட்டது. ஒரு நாள் காலையில் துணியைப் பிழியும் நேரம், ஜல்லியைக் கொட்டுவதுபோல் ஒரு சத்தம். மெஷின் குதித்துக் குதித்து, சுவரோரமிருந்து கதவு வரைக்கும் நடந்தே வந்துவிட்டது. கடை மெக்கானிக் வந்து பின்பலகையைக் கழற்றிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"பேரிங் போச்சு, அது இருந்த வீடும் போச்சு. இந்த மாடலுக்குப் பார்ட்ஸ் வர்றதை நிறுத்திட்டாங்க ஜட்ஜம்மா. வேற எடுத்துடுங்க. யானைதானே எடுப்பீங்க?"

"இல்லை. கிளி எடுக்கப் போறேன்."

மெக்கானிக் கையிலிருந்த திருகாணி கீழே விழுந்தது.

அவள் மனதுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. தங்கையைக் கடைக்குக் கூட்டிப் போக வேண்டும். எல்லார் முன்னாலும், "நீ காட்டுடி, நான் எடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். எல்லார் முன்னாலும்தானே அன்றைக்கு அந்தச் சொல்லைச் சொன்னாள்? அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் அப்படித்தான் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு தங்கை பழையபடி வர ஆரம்பித்துவிடுவாள். இத்தனை வருஷப் பிணக்கு இதோடு தீர்ந்துவிடும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை உதடு அசைய ஒத்திகை பார்த்தாள். பக்கத்து சீட்டுக்காரி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்டினாள். திறந்த தங்கையின் புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. வலது மணிக்கட்டில் துணிக்கட்டு.

"அக்கா? என்ன திடீர்னு?"

"ஏன், சொல்லிட்டு வர நான் என்ன ஆபீசரா? கையில என்னடி?"

"ஒண்ணுமில்லை, சுளுக்கு. உக்காரு, காபி போடறேன்."

"காபி கிடக்கட்டும். முதல்ல நான் சொல்றதைக் கேளு." உட்காராமலே சொல்லிவிட்டாள், உட்கார்ந்தால் விழுங்கிவிடுவோமோ என்ற பயம். "உன் வீட்டுக்காரர் எடுத்ததுதான் சரி. நான் சொன்னது தப்பு. என் யானை செத்துப்போச்சு, உன் கிளி இன்னும் ஓடுது. அவர் இருக்கும்போதே சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டேன். நீ என்கூடக் கடைக்கு வா. அதே கிளிதான் எடுக்கப் போறேன். பின்னாடி ஒட்டியிருக்கிற சீட்டுல மாடல் பேர் இருக்கும், பார்த்துட்டு வந்துடறேன்."

சின்னவள் முகம் மலரும் என்று பார்த்தாள். அது வெளுத்தது.

"அக்கா, அங்க போகாதே. தரையெல்லாம் ஈரம்—"

பெரியவள் அதற்குள் பின்கட்டுக்குப் போய்விட்டாள். கிளி அதே மூலையில் இருந்தது. மேலே மடிப்புக் கலையாத ஒரு துண்டு. பழக்க தோஷம், கை தானாகத் துண்டை விலக்கி மூடியைத் திறந்தது. டிரம்மைச் சுற்றப் போனது.

டிரம் நிறைய வெங்காயம்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வெங்காயத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சுத்தியும் ஓட்டை இருக்கா, நல்ல காத்தோட்டம்" என்றாள் சின்னவள். "ஒண்ணுகூட அழுகினதில்லை. அந்த விஷயத்துல நல்ல கம்பெனிதான்."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. ஏனென்றால் அப்போதுதான் அந்தக் குழாயைப் பார்த்தாள். சுவரிலிருந்த தண்ணீர்க் குழாயின் கழுத்தில் ஒரு நனைந்த கனத்த போர்வை சுற்றியிருந்தது. ஒரு முனையைக் குழாயில் மாட்டி, மறுமுனையைக் கையால் முறுக்கிப் பிழிந்து பிழிந்து, அந்தக் குழாயே ஒரு பக்கமாக வளைந்துபோயிருந்தது.

"எப்பலேருந்துடி?"

"நீ சொன்ன கெடுவுக்கு முன்னாடியே நின்னுபோச்சு."

"அப்போ இத்தனை நாளும்—"

"கையாலதான். நீ சொன்னது சரிதான்க்கா." சின்னவள் துண்டை எடுத்து மறுபடி மடித்தாள். "மெஷின் விஷயத்துல."

பெரியவள் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சரியென்று நிரூபணமானதில் இப்படியொரு வலி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"வேற ஒண்ணு எடுத்திருக்கக் கூடாதாடி?"

"எங்க எடுக்கிறது? உன் கடையிலயா? வேற கடையில எடுத்தாலும் கொண்டுவந்து மாட்டுற ஆளுங்க எல்லாரும் உனக்குத் தெரிஞ்சவங்க. மெஷின் போச்சுன்னு சொன்னா, அவரும் அப்படித்தான்னு ஆகிடாதா? நீதானே ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டே."

ஏதாவது பிடிமானம் வேண்டும் என்பதுபோல் பெரியவள் கேட்டாள்: "ஆனா நான் சத்தம் கேட்டேனே. போன்ல. மோட்டார் அவ்வளவு சீரா..."

சின்னவள் முதல்முறையாகச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது.

"அது அவர்க்கா. உன் போன் வந்ததும் ஓடி வந்து பின்னாடி நின்னுக்குவார். வாயாலயே பண்ணுவார். பத்து சக்கர வண்டி ஓட்டுற ஆளு, மோட்டார் சத்தமா வராது? 'அண்ணிக்குக் காது ரொம்ப ஜாஸ்தி, பிசிறு தட்டக் கூடாது'ன்னு ஒத்திகையெல்லாம் பார்ப்பார். நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில திணிச்சுக்குவேன். உன்மேல அவருக்கு ஒரு கோபமும் இல்லை. ரோட்டிலிருந்து வந்தா முதல் வேலை, இங்க உக்காந்து என்கூடத் துவைக்கிறதுதான். போர்வைக்கு ரெண்டு பேர் வேணுமே. ஒரு முனை நான், ஒரு முனை அவர். முறுக்கிக்கிட்டே வழியில பார்த்ததையெல்லாம் சொல்வார். ஒரு கதை முடிய ஒரு போர்வை." அவள் நிறுத்தினாள். "அவர் போனப்புறம் போன்ல அந்தச் சத்தமே வரலையேக்கா. நீ கவனிக்கலையா?"

கவனிக்கவில்லை. கடைமாடி முழுக்க நம்பியிருந்த காது. ஒரு மனிதர் நின்றுபோனதையே அது கேட்கவில்லை. 'ஓடுதா' என்று கேட்டு, 'ஓடுது' என்ற பதிலை வாங்கிக்கொண்டு, போனை வைத்துவிட்டது. பாதி நாள் ரோட்டில் கிடப்பான் என்று அவள் ஒதுக்கிய அந்த மனிதர், மீதிப் பாதி நாளை இந்த ஈரத்தரையில் உட்கார்ந்து கழித்திருக்கிறார்.

"நீ எப்படிடி இருக்கேன்னு ஒரு தடவை கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்தாள் பெரியவள்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னவோ. எனக்கும் வீம்பு உண்டு. நீ வளர்த்தவதானே."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பெரியவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"புதுசு ஒண்ணு அனுப்பறேன். வேண்டாம்னு சொல்லாதே."

"சொல்லலை, அனுப்பு. மணிக்கட்டு போச்சு, வீம்புக்குத் தெம்பில்லை. ஆனா கிளியை யாரும் தூக்கிட்டுப் போகக் கூடாது."

"எந்தக் கம்பெனி அனுப்பட்டும்?"

"என்னைக் கேட்கிறே? ஜட்ஜம்மா நீதானே."

பெரியவள் வாயைத் திறந்தாள். ஒரு பெயரும் வரவில்லை. "எனக்குத் தெரியலைடி" என்றாள். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து சின்னவள் கேட்டதே இல்லை.

பாதி பிழிந்த போர்வை குழாயிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. பெரியவள் எழுந்து புடவையைத் தூக்கிச் செருகி, குழாயில் மாட்டியிருந்த முனையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். சின்னவள் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் எதிரெதிரே நின்று முறுக்கினார்கள். போர்வை பிழிபடவில்லை; கயிறு மாதிரி ஒரே பக்கமாக உருண்டுகொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் துணி பிழிகிற மெஷினை விற்றவளுக்கு, கையால் பிழியத் தெரியவில்லை.

"அக்கா, நீ இடப்பக்கம் முறுக்கறே. நீயும் உன் வலப்பக்கமே முறுக்கு. அப்போதான் பிடிக்கும்." சின்னவள் தன் முனையை இறுக்கிப் பிடித்தாள். "அவரும் முதல் நாள் இப்படித்தான் முறுக்கினார்."

பெரியவள் வலப்பக்கம் முறுக்கினாள். போர்வை இறுகியது. தண்ணீர் கொட்டித் தரையெல்லாம் ஓடியது.

"அவர் என்னென்ன கதை சொன்னார்? ஒண்ணு சொல்லேன்" என்றாள்.

சின்னவள் யோசித்தாள். ஆரம்பிக்கப் போவதுபோல் உதடு பிரிந்தது. பிறகு தலையை ஆட்டினாள்.

"அவர் சொன்னாத்தான்க்கா அது நல்லா இருக்கும்" என்றாள். "இழுத்துப் பிடி. இன்னும் ஈரம் இருக்கு."