போர்தோவை அண்ணாந்து குடித்தவன்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. நான் கள்ளக்குறிச்சிக்காரன். வெளியூரில் யாரிடமாவது ஊர்ப் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. அடுத்து சாராயத்தைப் பற்றித்தான் கேட்பார். ஓர் இலக்கியக் கூட்டத்தில் அப்படிக் கேட்ட பிரமுகரிடம், "எங்க ஊர்க் கதையில பிரெஞ்சு ஒயினே வரும், பாத்துக்கினே இருங்க" என்று வாய் விட்டுவிட்டேன்.

பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நான் ஒயின் குடித்ததே இல்லை. (வீட்டில் புளித்துப்போன திராட்சை ரசத்தைச் சேர்த்துக்கொள்ளலாமா? கூடாது என்கிறாள் விஜயலட்சுமி. அவள் என் மனைவி, இந்தக் கதையின் முதல் வாசகி. ஒரே வாசகியாகவும் ஆகிவிடக்கூடும்.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

"மாணிக்கச் சிவப்பில் மின்னிய அந்தத் திரவத்தை அவன் உதடுகளில் ஏந்தியபோது, பிரான்ஸின் இலையுதிர்காலமே அவன் நாவில் வந்து—"

வேண்டாம். எனக்குத் தெரிந்த இலையுதிர்காலம், கல்வராயன் மலையில் கோடைக்கு முன் காடு சருகாகக் கொட்டுவது. அதைப் போய் யார் நாக்கில் வைப்பது?

இரண்டாம் முயற்சி:

"முதலில் லேசான புளிப்பு. பிறகு ஒரு காரம், மிளகைப் போல. தொண்டையில் இறங்கும்போது இதமான சூடு—"

தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த விஜயலட்சுமி, "இது நேத்து நான் வச்ச ரசம்" என்றாள்.

புதுச்சேரிக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கிவந்து ஆராய்ச்சி செய்யலாமா என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. ஆகவே, எனக்குப் பதிலாகக் குடிக்க ஓர் ஆளை உண்டாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

3

அந்த ஆள் பகலவன். மணலூர்பேட்டைக்காரன். வருடம் 1987.

பி.ஏ. படித்துவிட்டு வேலை கிடைக்காமல் கிடந்தவன், புதுச்சேரியில் ஓட்டல் தொழில் படிப்பு ஒன்றில் சேர்ந்தான். அவன் அம்மா சின்னப்பொண்ணு கரும்பு வெட்டப் போனாள். கரும்பு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போனது, கூலி பையன் படிப்புக்குப் போனது. அந்தப் படிப்பில் பிரெஞ்சு ஒயின்களைச் சுவைப்பது எப்படி என்று ஒரு பாடம் இருந்தது. பாட்டிலை யாரும் திறக்கவில்லை. கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். "போர்தோ சிவப்பு: கருந்திராட்சை, புகையிலை, பதனிட்ட தோல், ஈரமண்." பகலவன் அதை வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டான். (இந்த இடத்தில் எனக்கும் அவனுக்கும் வித்தியாசம் எதுவும் இல்லை.)

படிப்பு முடிந்ததும் புதுச்சேரியிலேயே பெரிய ஓட்டல் ஒன்றிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. ஒயின் பரிமாறுகிற வேலை.

"குடிக்கறதுக்கா சம்பளம் தராங்க?" என்று கேட்டாள் சின்னப்பொண்ணு.

"குடிக்கறதுக்கு இல்லம்மா. குடிச்சிட்டு எப்படிக்கீதுன்னு சொல்றதுக்கு."

"அத்தப் போயி காசு குட்த்து கேப்பாங்களா?" என்றாள். ஆனாலும் பையனுக்கு வெள்ளைச் சட்டை எடுத்துக்கொடுத்தாள்.

நேர்காணல் அன்று சாலை மறியல்.* படிப்பிலும் வேலையிலும் தங்கள் பிள்ளைகளுக்கு இடஒதுக்கீடு கேட்டு, பகலவனின் சனங்கள் சாலையோரப் புளியமரத்தை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். முன்னால் நின்றவர் அவனுடைய தாய்மாமன் தனசேகரன்; கூட்டத்தில் சின்னப்பொண்ணுவும் இருந்தாள். வேலை வேண்டும் என்று அந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான் பகலவன். அந்த மரம் கிடந்ததால்தான் வேலைக்குப் போக முடியாமலும் உட்கார்ந்திருந்தான்.

* இதே மறியலில் வேறு ஊர்களில் போலீஸ் சுட்டு உயிர்கள் பறிபோன வாரம் அது. அதை எழுதத் தொடங்கினேன். "மாலையில் வந்த செய்தியைக் கேட்டு—" அதற்கு மேல் ஓடவில்லை. கேலிக்குப் பழகிய கை என்னுடையது. அந்தச் சாவுகளுக்கு வேறு ஒருவர் கை வேண்டும்.

4

மரத்தின் அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கதவில் ஓட்டலின் பெயர். நேர்காணல் நடத்த வேண்டிய மேலாளர் சுப்புராயன், பெங்களூரிலிருந்து ஒயின் பாட்டில்களோடு திரும்பிக்கொண்டிருந்தார்.

ஆம், பகலவன் போக முடியாத நேர்காணல் அவனைத் தேடி வந்துவிட்டது. இதைத் தற்செயல் என்று சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. சுத்தமான சோம்பேறித்தனம்.

பகலவன் சொல்லி விஷயம் தெரிந்ததும் தனசேகரன் காரின் ஜன்னலுக்குப் போனார்.

"எங்க பையனுக்கு வேல குட்த்துட்டுப் போங்க சார். மரத்த நாங்களே நவுத்தி வுட்றோம்."

"மரத்தப் போட்டு வேலை கேட்டா எப்படிங்க?"

"அதுக்குத்தான சார் போட்டுக்கினு உக்காந்துகிறோம்!"

கூட்டம் சிரித்தது. சுப்புராயனும் சிரித்துவிட்டார். இறங்கி வந்தார். "குடிச்சிப் பாத்து சொல்லட்டும். சரியாச் சொன்னா வேலை அவனுக்கு. சொல்லலைன்னா மரம் இங்கயே கெடக்கட்டும். நானும் கெடக்கறன்."

துண்டில் சுற்றி வைத்திருந்த ஒரே ஒரு கண்ணாடிக் கிளாஸை எடுத்தார். (மற்றவை வழியில் உடைந்தன என்று எழுதலாம். உடையவில்லை. ஒன்று போதும் என்று நான்தான் முடிவு செய்தேன்.) போர்தோவைத் திறந்து கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார்.

பகலவன் வாங்கினான். அடுத்தவர் பாத்திரத்தை உதட்டில் வைத்து எச்சில் செய்யக்கூடாது என்று வளர்ந்த பிள்ளை. அண்ணாந்தான். கிளாஸை உயரத் தூக்கினான். அந்தச் சிவப்பு ஒரே தாரையாகத் தொண்டைக்குள் போய்விட்டது.

"ஒரு சொட்டு சிந்தல பார்றா!" என்றது கூட்டம்.

சுப்புராயன் கண்ணை மூடிக்கொண்டார்.

"கருந்திராட்சை, புகையிலை, பதனிட்ட தோல், ஈரமண்" என்றான் பகலவன்.

"பாடத்த வுடு. இப்ப வாயில இன்னா இருக்குது?"

பகலவன் நாக்கால் வாயைத் துழாவினான். "ஒண்ணுமில்லீங்க."

5

இந்த இடத்தில் அவனுக்குக் கல்வராயன் மலையில் தேனெடுக்கிற ஒரு சித்தப்பாவைக் கொடுத்து, அவர் வழியாக ஓர் அதிசய மூக்கையும் கொடுத்துவிட ஆசை வந்தது. அப்படிப்பட்ட மூக்குகள் கதைகளில் ஏராளமாகத் திரிகின்றன. போதும். பகலவனுக்கு இருந்தது சாதாரண மூக்கு.

சுப்புராயன் மறுபடி ஊற்றினார். கிளாஸைச் சுழற்றி அவன் மூக்கடியில் பிடித்தார். "குடிக்காத. மொதல்ல மோந்து பாரு."

மோந்தான். நிறைய நேரம் மோந்தான்.

"நாவப்பழம்ங்க" என்றான். "மரத்துலகீற பழம் இல்ல. கீழ வுழுந்து, மழையில ஊறி, சைக்கிள் ஏறுன பழம்."

சுப்புராயன் முகம் மலர்ந்தது. "அவ்ளோதான்! மூக்கு பாஸ். இனிமே நாக்கு. இப்படிக் குடிக்கணும்." உதட்டை விளிம்பில் அழுத்தி, ஒரு வாய் இழுத்து, உள்ளேயே உருட்டி விழுங்கிக் காட்டினார். பிறகு, தொழில் பழக்கத்தில், மிச்சத்தை அப்படியே அவனிடம் நீட்டினார்.

சிரிப்பெல்லாம் நின்றுபோனது.

"ஊரு நடுவுல அடுத்தவன் எச்சியக் குடிக்கவா மரம் வெட்டுனோம்?" என்றார் தனசேகரன்.

"குடிச்சிட்றா கண்ணு" என்றாள் சின்னப்பொண்ணு. "எச்சிதான, கொப்புளிச்சா பூடும். வேல போச்சின்னா வராது."

பின்னாலிருந்து ஒரு குரல் தணிந்து கேட்டது: "அந்தாளு இன்னா சாதின்னு வெசாரிச்சீங்களா?"

அது பகலவன் காதில் விழுந்தது. சுப்புராயன் காதிலும் விழுந்தது. பகலவன் கிளாஸை வாங்கினான்.

6

முடிவு ஒன்று: வாய் வைத்துக் குடிக்கிறான். "கடுக்காயக் கடிச்சாப்ல நாக்கப் புடிக்கிதுங்க" என்கிறான். வேலை அவனுக்கு. எல்லாரும் கைதட்டுகிறார்கள். மாமா மட்டும் தட்டவில்லை.

முடிவு இரண்டு: "வேணாம் சார்" என்று திருப்பிக் கொடுக்கிறான். எல்லாரும் கைதட்டுகிறார்கள். சின்னப்பொண்ணு வீட்டுக்கு நடக்கிறாள்.

முடிவு மூன்று: கிளாஸ் தவறி விழுந்து உடைகிறது. கோழையின் முடிவு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சுப்புராயனின் சாதி எனக்குத் தெரியும். முதல் வரைவில் எழுதினேன், பிறகு மாற்றியும் எழுதிப் பார்த்தேன். ஊர் உயர்வு என்று சொல்லும் சாதியை அவருக்கு எழுதியபோது, பகலவன் கொஞ்சம் தயங்கிவிட்டுக் குடித்தான், கூட்டம் முனகலோடு விட்டுவிட்டது. ஊர் தாழ்வு என்று சொல்லும் சாதியை எழுதியபோது, கூட்டம் வாய் திறப்பதற்கு முன்பே என் பேனா அவன் கையிலிருந்து கிளாஸைத் தட்டிவிட்டது. மேடைகளில் சமத்துவம் பேசுகிற ஆள் நான். வெட்கமாக இருந்தது. இரண்டையும் அடித்துவிட்டேன்.

விஜயலட்சுமி படித்துவிட்டு, "அப்ப இன்னாதான் சாதி அவருக்கு?" என்று கேட்டாள். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நீங்களும் இதற்குள் ஒன்றை அவருக்குப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். அதை வெளியே சொல்ல வேண்டாம். மனதிலேயே மாற்றிப் போட்டு, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை படியுங்கள். கிளாஸ் பகலவன் கையில்தான் இருக்கிறது. இரண்டு தடவையும் அவனை ஒரே மாதிரி குடிக்க விட உங்களால் முடிந்தால், முடிவை நீங்கள் எழுதலாம். என்னால் முடியவில்லை.