மூன்றாவது மார்த்தா கோல்பி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததற்கு ஒரே காரணம், பழைய ஆங்கிலக் கூட்டெழுத்து எனக்கு வாசிக்க வரும் என்பதுதான். இதைத் திறமை என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆங்கிலப் பாடம் நடத்தி ஜீவிக்கிறவளுக்கு எப்போதாவது ஒரு முறை பயன்பட்டுப்போன பழக்கம். 1991 ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை, எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ராஜரத்தினம் உபதேசியார் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், கோயில் புஸ்தகம் ஒண்ணு வாசிக்கணும். வெள்ளக்காரன் கையெழுத்து. ஐயரே முழிக்கிறாரு."*

போனேன். அங்கே பரிபூரணம் உட்கார்ந்திருந்தாள்.

(பரிபூரணம் அவளுடைய உண்மையான பெயர் இல்லை. நான் வைத்தது. மூன்று வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்தபோது பத்து நிமிஷத்தில் வைத்தேன். இது பின்னால் என்னைத் தொந்தரவு செய்யும். இப்போதைக்குத் தாண்டிப் போவோம்.)

* எங்கள் பக்கத்துச் சபைகளில் தேவாலயத்தைக் கோயில் என்றும் குருவானவரை ஐயர் என்றும் சொல்வார்கள். உபதேசியார் அவருக்கு அடுத்த படி: ஜெபம் நடத்துவார், மணியடிக்க ஆள் இல்லாவிட்டால் மணியும் அடிப்பார்.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. மூன்று எழுதினேன்.

"ராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனியில் பாக்கிங் சூப்பர்வைசராக இருந்த பரிபூரணத்தின் தலைமுடியில் எந்நேரமும் ஒரு துணுக்குப் பஞ்சு ஒட்டியிருக்கும்." உண்மைதான். ஆனால் பேருந்தில் எதிர்சீட்டுக்காரி பார்ப்பது போல இருக்கிறது.

"1862ஆம் ஆண்டு, கப்பலில் வந்த ஒரு கடிதத்தில், இங்கிலாந்தின் ஒரு சிற்றூர்ச் சபையைச் சேர்ந்த சீமாட்டி ஒருத்தி—" இத்தோடு நிறுத்தினேன். கப்பலில் ஏறினால் இந்தக் கதை இறங்கவே இறங்காது.

"பரிபூரணத்தின் புருஷன் 1974இல் பம்பாய்க்குப் போனான்."

இதுதான். இங்கிருந்து போகிறேன்.

பரிபூரணத்தின் புருஷன் 1974இல் பம்பாய்க்குப் போனான். ஒரு மணியார்டர் வந்தது. அதற்குப் பிறகு ஆளும் இல்லை, தாளும் இல்லை. அவளுக்கு அப்போது முப்பது வயது, மகளுக்கு இரண்டு. துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவள் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்றார்கள். அவளிடம் ஒரு பெயர் இருந்தது, அவ்வளவுதான். மார்த்தா கோல்பி.

தாய்வழியில் அவளுடைய பூட்டி, அதாவது கொள்ளுப்பாட்டி. அந்தக் குடும்பத்தில் மார்த்தாவைப் பற்றிப் பேசாமல் ஒரு சாப்பாடு முடியாது. கான்வென்ட் மாதிரி ஒரு போர்டிங் பள்ளியில் வெள்ளைக்காரத் துரைசானியிடம் வளர்ந்தவள்; துரைசானி தன் பெயரையே அவளுக்குக் கொடுத்தாளாம். காலராக் காலத்தில் எல்லோரும் ஓடியபோது நோயாளிப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டியவள். குரலெடுத்துப் பாடினால் தெருவே நிற்கும். புருஷன் விட்டுப் போனதும் இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வத்திராயிருப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நடந்தே வந்தவள். அப்புறம் அதே பள்ளியில் வாத்திச்சி ஆகி, முடி நரைக்கும்வரை பாடம் சொன்னவள்.

கம்பெனிக்குப் போகும் ஆறு மணி வண்டியில், நின்றுகொண்டே, பரிபூரணம் இதை ஜெபம் போலச் சொல்லிக்கொள்வாள். நடந்தே வந்தா. ரெண்டு பிள்ளைகளோட. நடந்தே வந்தா. பதினேழு வருஷம் அவள் சாய்ந்து நின்ற சுவர் அது.

3

அந்தச் சுவரில்தான் இப்போது கைவைக்க வேண்டியிருந்தது.

கோயிலுக்குக் கிழக்கே உள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஹால் கட்டுவதென்று சபைக் கமிட்டி முடிவு செய்தது. வாரிசு இருக்கும் கல்லறைகளைச் சுவர் தள்ளிக் கட்டிக் காப்பாற்றுவார்கள். இல்லாதவை சமம் செய்யப்படும். வாரிசு என்று வருகிறவர்கள் பதிவேட்டின் எண்ணைக் காட்டி, ஒரு படிவம் நிரப்பி, ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் கொடுக்க வேண்டும்.

பரிபூரணத்தின் குடும்பம் ஈஸ்டர்தோறும் வெள்ளையடித்து, சாமந்திப்பூ வைக்கும் கல் அங்கே இருந்தது. அதில் இருந்தது மார்த்தா கோல்பி என்ற பெயர் மட்டும்தான். தேதி இல்லை.

அவளுடைய அக்கா கிருபாபாய்க்கு இது பிடிக்கவில்லை. "ஏட்டி, செத்து நூறு வருசமானவளுக்கு சர்ட்டிபிகேட் வாங்கவா லீவு போட்ட? ஒம் மவளுக்கு மஞ்சக்காமால வந்தப்பக்கூட அரை நாள்தானே போட்ட?"

"அவளுக்கு நான் இருந்தேன். இவளுக்கு யாரு இருக்கா?"

"பேசு, பேசு. வெள்ளக்காரி பேத்தில்லா!"

(இந்த உரையாடல் நடக்கும்போது நான் இல்லை. பரிபூரணம் சொன்னது. "ஏட்டி" மட்டும் நிச்சயம்; மற்றதில் என் கை இருக்கிறது.)

4

பதிவேடுகள் கோயிலின் உடைமாற்றும் அறையில், கனத்த ஒரு இரும்புப் பெட்டியில் இருந்தன. ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்று மூன்று. தோல் அட்டையைத் திறந்ததும் எழுந்த வாடை, உப்பும் எலிப்புழுக்கையும் கலந்த ஒரு—

வேண்டாம். வாடையைப் பற்றி எழுதினால் வாசகர் தலையாட்டிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார். அன்று எங்களைப் பிடித்து நிறுத்தியது மையின் நிறம். நூற்றிருபது வருஷத்துக்கு முந்திய மை, இப்போதுதான் காய்ந்த கடுங்காப்பி போல இருந்தது. சில இடங்களில் பேனா தாளைக் கீறியிருந்தது. வெயில் காலத்தில் ஒரு மனிதர் வியர்வையோடு உட்கார்ந்து எழுதியிருக்கிறார். பக்கத்தின் ஓரத்தில் அவர் விரல் பதிந்திருந்தது. பரிபூரணம் தன் விரலை அதன் மேல் வைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டாள்.

1862இல் முதல் பெயர் கிடைத்தது. மார்த்தா கோல்பி, போர்டிங் பள்ளி, வயது சுமார் எட்டு.

"இருக்கா!" என்றாள் பரிபூரணம். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் பக்கத்தைப் புரட்டினேன். 1864. மார்த்தா கோல்பி, வயது சுமார் பன்னிரண்டு.

"ரெண்டு தடவையா முழுக்குக் குடுத்தாவ?" என்றார் ராஜரத்தினம்.

1866. மார்த்தா கோல்பி, சுமார் ஒன்பது. 1868. மார்த்தா கோல்பி, சுமார் பத்து. 1875இல் ஒருத்தி. 1881இல் ஒருத்தி. 1868ஆம் வருஷத்துப் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: அந்தப் பெயரில் நான்காவது பிள்ளை.

அந்தக் காலத்து மிஷன் பள்ளிகளில் இருந்த ஒரு வழக்கத்தை எங்கோ வாசித்திருந்தும், எனக்குப் புரிய செத்த நேரம் ஆனது. புரிந்ததும் சொல்லப் பயமாக இருந்தது. இங்கிலாந்தில் ஒரு சபையில் மார்த்தா கோல்பி என்று ஒரு அம்மாள். அவளுடைய உதவியில் இந்தப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு இடம். அந்த இடத்தில் உட்காரும் பிள்ளைக்கு அவள் பெயரையே வைத்துவிடுவார்கள், கடல் தாண்டி இருக்கிறவளுக்கு ஒரு திருப்தி. பிள்ளை செத்தாலோ, போய்விட்டாலோ, அடுத்த பிள்ளை வந்து அதே இடத்தில் உட்காரும். பெயரும் அப்படியே அதற்கு வரும். சீமையிலிருக்கும் அம்மாளைப் பொறுத்தவரை மார்த்தா சாகவே மாட்டாள்.

மெதுவாகச் சொன்னேன். ராஜரத்தினம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ பூட்டி ஒருத்தி இல்லியா?" என்றாள் பரிபூரணம். "ஆறு பேரா?"

5

இந்த இடத்தில் அவள் மனம் உடைந்தது என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் முகத்தில் நான் பார்த்தது அது இல்லை. திருவிழாக் கூட்டத்தில் ஒரு ஆளின் தோளில் சாய்ந்து நின்றவள், திரும்பிப் பார்த்தால் அங்கே ஆறு பேர் நிற்கிறார்கள். பயம், கூச்சம், அதற்கடியில் வேறொன்று. அந்த வேறொன்றுக்காகத்தான் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் பிடிபடவில்லை.

"வாசிங்க டீச்சர். எல்லாத்தையும் வாசிங்க."

மூன்று பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க வாசித்தோம்.

ஓரக் குறிப்புகளின்படி, முதல் மார்த்தாவை உறவினர் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாமவள் காலராவில் சின்னப் பிள்ளைகளைக் கவனித்து, பதினாலு வயதில் அதே காலராவில் போனாள், பொதுக்குழியில் அடக்கம். ஐந்தாமவள் பள்ளியிலேயே ஆசிரியையாக நியமிக்கப்பட்டாள். ஆறாமவளைப் பற்றி ஞானஸ்நானத்துக்குப் பிறகு ஒரு வரி இல்லை.

நான்காமவள் 1875இல் வத்திராயிருப்பு தேவசகாயத்தைக் கட்டினாள். 1876இல் ஒரு பிள்ளைக்கும் 1879இல் ஒரு பிள்ளைக்கும் ஞானஸ்நானம். இரண்டாவது பிள்ளை பரிபூரணத்தின் அம்மாவுடைய அம்மா. அந்த வரியில், தகப்பன் என்ற கட்டத்தில், எழுதியிருந்தது: ஊரில் இல்லை.

பரிபூரணம் அந்தக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தாள். ஆங்கிலத்தில் அவளுக்குத் தெரிந்தது காயத்துக்குக் கட்டும் காஸ் துணிப் பெட்டியின் லேபிள் அளவுதான். ஆனாலும் எழுத்து எழுத்தாகக் கூட்டி, அந்த மூன்று ஆங்கில வார்த்தையையும் தானே வாசித்தாள்.

"என் மவ டீசியிலயும் இப்பிடித்தான் எழுதச் சொன்னேன்" என்றாள்.

நடந்து வந்தது பதிவேட்டில் இல்லை. நடந்ததை யார் எழுதப்போகிறார்கள்? ஆனால் முதல் பிள்ளைக்கு வத்திராயிருப்பு, இரண்டாவதுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஊர்ப்பெயர் மாறியிருந்தது. நடுவில் இருந்த தூரம் அவளுக்குப் போதும்.

6

கல் யாருடையது என்பதை ராஜரத்தினம்தான் கண்டுபிடித்தார். கல் வைத்ததாக அடக்கப் பதிவேட்டில் இருந்த ஒரே மார்த்தா, 1868 செப்டம்பர். வேறு கையெழுத்து, பெண்ணின் கை, ஒருவேளை போதகரின் மனைவி. நான் வாசித்ததை அப்படியே தருகிறேன். ஒரு சொல் கூட்டவில்லை.

"மார்த்தா கோல்பி, மூன்றாவது. வயது சுமார் பதினொன்று. காய்ச்சல். செவ்வாய்க்கிழமை வரை பாடிக்கொண்டிருந்தாள். கல் வைக்கப்பட்டது."

வெளியே கிருஷ்ணன்கோவில் பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போயிற்று.

நூறு வருஷமாக அந்தக் குடும்பம் வெள்ளையடித்தது, ஒரு உறவும் இல்லாத ஒரு சின்னப் பிள்ளையின் கல்லுக்கு.

"நாலாமத்தவ எந்த மாசம் சேந்தா?" என்று கேட்டாள் பரிபூரணம்.

பார்த்தேன். 1868, அதே செப்டம்பர். பதினாறு நாள் கழித்து.

"அப்போ இந்தப் பிள்ள போனதாலதான் எங்க பூட்டிக்கு எடம் கெடச்சிருக்கு." அவள் குரல் தணிந்துபோயிருந்தது. "பள்ளியோடத்துல எடம் இல்லேன்னா அந்தக் கல்யாணம் இல்ல. எங்க அம்மாச்சி இல்ல. எங்கம்மை இல்ல. டீச்சர், நான் இங்க உக்காந்திருக்கேம்லா?"

7

ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று.

அந்தப் பிள்ளைக்கு மார்த்தா ஆவதற்கு முன்னால் என்ன பெயர் என்று பதிவேட்டில் இல்லை. மற்ற சிலருக்கு இருந்தது. இவளுக்கு அந்தக் கட்டம் காலி. இரண்டாவது பிரதியில் நான் அவளுக்குச் சுடலையம்மாள் என்று பெயர் வைத்தேன். சுந்தரபாண்டியத்தில் ஒரு குடிசையும், நெற்றியில் ஒரு தழும்பும் கொடுத்தேன். நன்றாக வந்திருந்தது. நாலு பக்கம். பாடிக்கொண்டே மாடு மேய்த்தாள். வாசித்த தோழி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு நாள் காய்கறி நறுக்கிக்கொண்டிருக்கும்போது உறைத்தது. எங்கோ உட்கார்ந்துகொண்டு, என் திருப்திக்கு, முகம் தெரியாத ஒரு பிள்ளைக்குப் பெயர் வைத்து ஒரு இடத்தில் உட்கார வைக்கிறேன். சீமையிலிருந்த அந்த அம்மாள் செய்ததும் இதுதானே? பரிபூரணத்துக்கும் அதைத்தானே செய்திருக்கிறேன்?

நாலு பக்கத்தையும் எடுத்துவிட்டேன். கட்டம் காலியாகவே இருக்கட்டும். மாடும் போகட்டும். பாட்டு மட்டும் அவளுடையது; அதை நான் கொடுக்கவில்லை.

8

சனிக்கிழமை சாயங்காலம் படிவத்தை மேசையில் விரித்தோம். பெயர், பதிவேட்டு எண், ஆண்டு எல்லாம் நான் நிரப்பினேன். கடைசிக் கட்டம்: மனுதாரருக்கு இறந்தவருடன் உறவுமுறை.

"பூட்டின்னு போட்டு முடிச்சிருங்க" என்றார் ராஜரத்தினம். "அம்புட்டு வருசம் வெள்ளையடிச்சிருக்கிய. யாரு தோண்டிப் பாக்கப் போறா?"

"பதினோரு வயசுப் பிள்ளைய பூட்டின்னு எழுதச் சொல்லுதியளா உபதேசியாரே? கோயில் தாள்ல?"

"பொறவு? சொந்தம் இல்லேன்னு எழுதுனா கமிட்டி தள்ளிரும். திங்கக்கெழம ஆளு வருதான், மம்பட்டியோட."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. எழுதுறவியதானே? இதுக்கு ஒரு மொற இருக்குமில்ல?"

நம் மொழியில் எத்தனை முறை! அப்பாவின் அக்காவுக்கு ஒன்று, அம்மாவின் தங்கைக்கு ஒன்று, தம்பி பெண்டாட்டிக்கு ஒன்று, சம்பந்தி வீட்டுக்காரருக்கு ஒன்று. நமக்கு முன்னால் ஒரு இடத்தில் இருந்து, எழுந்து போய், நம்மை அங்கே உட்கார வைத்தவளை என்னவென்று கூப்பிடுவது? எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

முடிவுகள்:

அவள் பூட்டி என்று எழுதுகிறாள். கல் பிழைக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை அதன் கீழே இன்னொருத்தியின் ஆயுளைச் சுமந்துகொண்டு கிடக்கும்.

அவள் மகள் என்று எழுதுகிறாள். நாற்பத்தேழு வயதுக்காரிக்கு, 1868இல் பதினொரு வயதில் செத்த ஒரு மகள். கமிட்டி சிரிக்கும், அல்லது, யாராவது ஒருவர் சிரிக்காமல் இருப்பார்.

அவள் ஒன்றுமே எழுதாமல் எழுந்து—

இல்லை. எழுதினாள். நான் அங்கே இருந்தேன். பேனாவை வாங்கி, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, தமிழில் எழுதினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒருத்தி உறவு வைத்துக்கொள்ளும் நேரத்தில் பக்கத்தில் நின்று பார்ப்பது சரியில்லை என்று பட்டது. பேனா ஓடிய சத்தம் மட்டும் கேட்டது. சின்னச் சொல். ராஜரத்தினம் அதை வாசித்தார். தாளை மடிக்காமல், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஐயர் வீட்டுக்குப் போனார்.

பிறகு அந்தச் சொல் என்னவென்று எனக்குத் தெரிய வந்தது. இங்கே எழுத மாட்டேன். நான் எழுதினால் அது நான் வைத்த இன்னொரு பெயராகிவிடும். கமிட்டி ஏற்றுக்கொண்டதா, சுவர் தள்ளிப் போயிற்றா என்பதெல்லாம் அந்தச் சொல்லைப் பொறுத்தது. ஆகவே படிவத்தை உங்கள் முன்னால் வைக்கிறேன்.

இறந்தவர்: மார்த்தா கோல்பி, மூன்றாவது.
வயது: சுமார் பதினொன்று.
உறவுமுறை: ........................